தொட்டியில் காற்று இல்லை

மார்ச் 2, திங்கள்

ரெஜினா இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். வாரம் இரண்டு நாள் வந்து என் வீட்டுக்காரருடைய கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். "தெனமும் என்ன சாப்பிட்டாங்க, எத்தன தடவ கை மடக்குனாங்கன்னு எழுதி வையுங்க ஆன்ட்டி. அப்படியே ஒங்களப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்க" என்றாள். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

காலை: இட்லி இரண்டு. போதும் என்றார். மதியம்: கஞ்சி, அரைக் கிண்ணம். போதும் என்றார். மாலை: ரஸ்க் ஒன்று. போதும் என்றார்.

அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான். போன ஜூலையில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. "புரியுறதும் பாதிச்சிருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார், போதும் என்பார்.

பின்பக்கக் குளியலறையில் தண்ணீர் சரியாக வரவில்லை. ஒரு நொடி பாய்கிறது, மறுநொடி நூல் மாதிரி ஆகிவிடுகிறது.

மார்ச் 5, வியாழன்

இட்லி இரண்டு. கஞ்சி அரைக் கிண்ணம். கை பத்து தடவை.

அவரைக் குளிக்க வைப்பது ஒரு மணி நேர வேலை. சக்கர நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்ற வேண்டும். கைப்பிடி ஷவரை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் சோப்புப் போட வேண்டும். இன்று தலையிலிருந்து முழங்கால்வரை சோப்பு நுரை இருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. கிணற்றடியில் மோட்டார் மட்டும் டக் என்று ஓடுவதும் டக் என்று நிற்பதுமாக இருந்தது. கண்ணில் சோப்பு இறங்கி அவர் போதும், போதும் என்று கத்தினார். நான் அவரை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றுக்கு ஓடி வாளியில் கோரிக்கொண்டு வந்தேன். ஐந்து வாளி. என் வலது மணிக்கட்டு முன்பே சரியில்லாதது.

இந்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை. மேலே தண்ணீர்த் தொட்டி வைக்க வழியில்லை. அதனால் அவர் கிணற்றடியில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தொட்டியை நிறுத்திக் குழாய்களை இணைத்திருந்தார். வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வேகமாகப் பாயும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் தானே ஓடி, நிறைந்ததும் தானே நிற்கும். ரப்பர் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இந்த வீட்டில் குழாயைத் திறப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது. அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. பதினான்கு வாளி.

மார்ச் 11, புதன்

பிளம்பர் சுனில் வந்தான். மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தான்.

"யக்கா, இந்த சுவிட்சு பெயிட்டு. அதான் மோட்டர் விட்டு விட்டு ஓடுகு. மாத்துனா சரியாயிடும்."

இவரைக் காற்றாடப் பின்வாசலில் உட்கார வைத்திருந்தேன். சுனில் தொட்டியோடு சேர்ந்த சின்னப் பெட்டியைத் திறந்து சுவிட்சைக் கழற்றத் தொடங்கியதும் இவர் இடக்கையால் நாற்காலியின் கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தார். தட், தட், தட். "போதும்! போதும்!" முகமெல்லாம் சிவந்துவிட்டது.

சுனில் பயந்து எழுந்துவிட்டான். என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணாச்சிக்கு நாம பேசுறது ஒண்ணும் மனசிலாவாதா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. ஒண்ணும் மனசிலாவாது" என்றேன்.

அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் தென்னை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

புது சுவிட்ச் போட்டான். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. அவன் பைக் தெருமுக்கு திரும்பும் முன்பே பழையபடி ஆகிவிட்டது.

இட்லி ஒன்றரை. போதும் என்றார்.

மார்ச் 12, வியாழன்

சுனிலைப் போனில் கூப்பிட்டேன். "மோட்டர் பழசாயிட்டுக்கா. புதுசு போடணும். இல்லன்னா பொறத்த ஒரு ஸ்டாண்டு கட்டி டாங்கு ஏத்தணும்" என்றான். "கெடக்கட்டும்பா. ஈஸ்டர் முடிஞ்சா இங்க யாரும் இருக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டுக்கொண்டே பேசியதால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

கை மடக்கவில்லை. ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 14, சனி

மகன் ஷாலின் சென்னையிலிருந்து பேசினான். அப்பாவைச் சேர்க்கப்போகிற முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டானாம். சுத்தமாக இருக்கிறதாம். ஜன்னலோரக் கட்டிலாகக் கேட்டு வாங்கியிருக்கிறானாம். வேளா வேளைக்கு நர்ஸ் வருவார்களாம். வெந்நீர், குளிர்நீர் இரண்டும் குழாயிலேயே வருமாம். "உங்க ஒடம்பையும் பாக்கணும்லாம்மா. ஒரு பைப்பு கெட்டதுக்கே இப்படிக் கெடந்து ஓடுதீங்க. வாரத்துக்கு ஒருநா நாம போய்ப் பாத்துக்கிடலாம்" என்றான்.

அவன் சொல்வதில் தப்பில்லை. எனக்கு அறுபத்தொரு வயது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆராதனைக்குக் கூட வருகிற மேரியக்காவும் அதைத்தான் சொன்னாள். எனக்கு ஷாலின் வீட்டில் பால்கனி வைத்த அறை. இங்கே வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு வின்சென்டிடம் கொடுத்துவிட்டால் போதும்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன தெரியப்போகிறது.

ரெஜினா எடை பார்த்தாள். ஜூலையிலிருந்து பதினோரு கிலோ குறைந்திருக்கிறார். இந்த வியாதிக்கு அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 16, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். துணி அலசத் தண்ணீர் கோரப் போனேன். வெயில் இதமாக இருந்ததால் இவரையும் நாற்காலியோடு தள்ளிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் நிறுத்தினேன். இத்தனை நாளும் பின்வாசலோடு நிறுத்திவிடுவேன். கிணற்றடிவரை கொண்டு போவது ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல்தடவை. ஒரு வாளி கோரி அவர் பக்கத்தில் வைத்தேன். காலி வாளியும் அங்கேயே கிடந்தது. நான் அடுத்ததைக் கோரக் குனிந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற மணிக்கட்டு. "விடுங்கோ, வலிக்கி" என்றேன். விடவில்லை. இழுத்தார். என் கையை அந்த இரும்புத் தொட்டிமேல் கொண்டுபோய் வைத்தார்.

பிறகு தன் விரல் முட்டியால் தொட்டியைத் தட்டினார். கீழே ஒரு தட்டு. நடுவில் ஒரு தட்டு. எட்டின மட்டும் மேலே ஒரு தட்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, மண்சுவரைத் தட்டினதுபோல மொத்தையான சத்தம். என்னைப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

மறுபடி தட்டினார். கீழே, நடுவே, மேலே. "போதும்?" என்றார். அது கேள்வியாக வந்தது. அந்தச் சொல் அப்படிக் கேள்வியாக வந்து நான் கேட்டதில்லை; அல்லது கவனித்ததில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று கண்டுகொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து தண்ணீர் நிறைந்த வாளியைத் தட்டினார். மொத்தையான சத்தம். அப்புறம் காலி வாளியைத் தட்டினார். டொம் என்று ஒலித்தது. திரும்பத் தொட்டியின் மேல்பக்கத்தைத் தட்டினார். மொத்தை. காலி வாளியைக் காட்டினார், தொட்டியின் மேல்பாதியைக் காட்டினார்.

நானே தொட்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்தேன்.

"மேலே காலியா இருக்கணுமா? தொட்டி பூராவும் தண்ணி நெறஞ்சு கெடக்கா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பிறகு, "காலியா இருந்தா அதுல என்ன இருக்கும்?" என்று கேட்டேன். அவர் வாயைக் குவித்து ஊதினார். அதோடு நிற்கவில்லை, சுவரோரம் நின்ற என் பழைய ஸ்கூட்டரின் டயரைக் காட்டினார். தொட்டியின் உச்சியைக் காட்டினார். ஏறிப் பார்த்தால் அங்கே டயரில் இருப்பதுபோலவே காற்றடிக்கிற ஒரு மூக்கு, மூடியோடு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததேயில்லை.

விறகுப்புரையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப் இருந்தது. எடுத்து வந்தேன். உடனே அடிக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். முதலில் மோட்டாரின் சுவிட்சைக் காட்டினார். அணைத்தேன். தொட்டியின் அடியில் இருந்த குழாயைக் காட்டினார். திறந்தேன். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் துரு கலந்து வந்தது. எல்லாம் வடிந்தபின் குழாயை மூடச் சொன்னார். சொன்னார் என்றுதான் எழுத வருகிறது. பிறகுதான் பம்பைக் காட்டினார்.

அடித்தேன். ஐம்பதுக்கு ஒருதரம் நின்றேன். மணிக்கட்டு தாங்காதபோது அவர் பம்பைத் தன் காலுக்கிடையில் வைக்கச் சொல்லி இடக்கையால் முப்பது அடித்தார். நெற்றியில் வேர்வை. நான் துடைக்கப் போனால் தலையை ஆட்டித் தள்ளிவிட்டுத் தொட்டியின் அழுத்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் நகர்ந்து இருபதைத் தொட்டதும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். மோட்டாரைப் போட்டேன். நாற்பதில் அது தானே நின்றது.

குளியலறைக்கு ஓடிப்போய் ஷவரைத் திறந்தேன். விடாமல் பாய்ந்தது. டக் டக் இல்லை. திரும்பி வந்தபோது அவர் தொட்டியின் மேல்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். டொம்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அவர் சாயங்காலம் கிணற்றடியில் பம்போடு நிற்பார். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். வீட்டில் சைக்கிள் இல்லாமல் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

மார்ச் 17, செவ்வாய்

தண்ணீர் நன்றாக வருகிறது. வேறு விசேஷம் இல்லை.

பகல் பதினோரு மணிக்கு அவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவருடைய இடக்கையை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணு கேப்பேன். ஆமான்னா கையை அமத்துங்கோ. இல்லைன்னா சும்மா இருங்கோ. தலையாட்டக் கூடாது. வாயும் பேசக் கூடாது."

கையை அழுத்தினார்.

"ஒங்க பேரு தங்கப்பனா?"

சும்மா இருந்தார்.

"ஞானசிகாமணியா?"

அழுத்தினார்.

"நமக்கு ரெண்டு பிள்ளையளா?" சும்மா. "ஒண்ணுதானா?" அழுத்தினார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதைத் தள்ளிப்போடத்தான் ரப்பர் கம்பெனி, சம்பந்தி வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஷாலின் கிட்ட நான் போன்ல பேசினதெல்லாம் கேட்டியளா?"

அழுத்தினார்.

"அந்த எடத்தப் பத்தி?"

அழுத்தினார். கண் என்னை விட்டு விலகவில்லை.

"சுனில்கிட்ட ஒண்ணும் மனசிலாவாதுன்னு சொன்னேனே, அதுவும்?"

அதற்கு அழுத்தவில்லை. என் கையைத் திருப்பி, வீங்கியிருந்த மணிக்கட்டைக் கட்டைவிரலால் தடவினார். அவ்வளவுதான். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் வந்து, "என்னைய மன்னிச்சிருங்கோ" என்றேன். கையைப் பிடிக்காமலே சொன்னேன். போதும் என்றார். எந்தப் போதும் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இதுல சில பேருக்கு ஒரு வார்த்த மட்டும் நாக்குல ஒட்டிக்கிடும். அவங்க வேற சொல்ல நெனப்பாங்க, வாயில அதுதான் வரும். அங்கிளுக்கு அது 'போதும்'. அவங்க வேணும்னு நெனச்சாலும் போதும்னுதான் வரும். பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு மேடம் நாகர்கோவில்ல இருக்காங்க. நான் அப்பவே கேட்டிருக்கணும். எனக்கு நேரம் பத்தாம கையையும் காலையும் மட்டும் பாத்துட்டுப் போயிட்டேன்."

அவள் போனபின் இடியப்பம் அவித்தேன். தேங்காய்ப்பால் ஊற்றித் தட்டில் வைத்து, இடக்கையிலேயே எடுத்துச் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு சாப்பிட்டதும் போதும் என்றார். நான் தட்டை எடுக்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். கை அடுத்ததை எடுத்தது.

ஆறு. நான் எண்ணினேன்.

இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். எந்தப் பிள்ளை வெட்கப்பட்டு வேண்டாம் என்கிறது, எது நிஜமாகவே வேண்டாம் என்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரியும் என்று ஆபீசர் முன்னால் பெருமை பேசியிருக்கிறேன். எட்டு மாதம். பதினோரு கிலோ.

இதைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 19, வியாழன்

இட்லி ஐந்து. மீன்குழம்பு கேட்டார் (கையால் மீன்போல நெளித்துக் காட்டினார்). சாளை மீன் வாங்கினேன்.

ஷாலினைக் கூப்பிட்டேன். "அந்த எடம் வேண்டாம்டே. சொல்லிரு" என்றேன்.

"அம்மா, பைப்பு சரியானதுக்கெல்லாம் முடிவை மாத்தாதீங்க. பைப்பு நாளைக்கும் கெடும்."

"பைப்பு சரியானதுக்கு இல்ல. அப்பாதான் அதச் சரியாக்கினாவ."

நான் வாளியையும் தொட்டியையும் பற்றிச் சொன்னேன். கையழுத்தத்தைச் சொன்னேன். நம்புகிறானா இல்லையா என்று தெரியவில்லை. எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பான்.

"நீயே கேளு. ஆமான்னா போனை ஒரு தடவ தட்டுவாவ. இல்லைன்னா தட்ட மாட்டாவ" என்று சொல்லிப் போனை அவர் மடியில் வைத்தேன்.

பிறகு, "அப்பா... நான் பிளஸ் ஒன்ல ஒரு பேப்பர் போனப்ப ரேங்க் கார்டுல ஒங்க கையெழுத்த நானே போட்டேன். அது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

இவர் போனைத் தட்டினார்.

எனக்கே அது இன்றுதான் தெரியும். ஷாலின் சிரிக்கத் தொடங்கினான், அது வேறாக மாறியது. நான் வெளியே வந்துவிட்டேன். இருபது நிமிஷம் பேசினான். ஜூலைக்குப் பிறகு அவரிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடம் "அப்பா எப்படி இருக்காங்க" என்று கேட்பான், அவ்வளவுதான். நானும் போனைக் கொடுத்ததில்லை.

கடைசியில் என்னிடம், "ஈஸ்டருக்கு வாறேன். வந்து பாத்துட்டுப் பேசுவோம்" என்றான். அந்த இடத்துக்கு வேண்டாம் என்று சொல்கிறேன் என அவன் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

புதுத் தொந்தரவு. யாரும் எந்தக் குழாயையும் திறக்காதபோதே மோட்டார் ஓடுகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடி நிற்கிறது. ஷாலின் வரும் நேரத்தில் இது இப்படிக் கிடந்தால் அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

அவரைக் கிணற்றடிக்குத் தள்ளிப்போனேன். கொஞ்ச நேரம் மீட்டரைப் பார்த்தார். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து வீட்டுக்குப் போகிற குழாயில் இருக்கும் வால்வைக் காட்டி, மூடு என்று விரலைச் சுழற்றினார். மூடினேன். மறுபடி மீட்டரைக் காட்டினார்.

இரண்டு பேரும் சும்மா முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கிருந்தோ ஒரு மைனா இறங்கி வந்து வாளியின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. முள் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

"வீட்டுக்குப் போற வழிய அடச்சாச்சு. பெறகும் எறங்குகு" என்று சத்தமாக யோசித்தேன். "அப்ப வீட்டுப் பைப்புல ஓட்டை இல்ல."

அவர் காத்திருந்தார். உதவவில்லை. வேண்டுமென்றே உதவவில்லை என்று நினைக்கிறேன்.

"அப்ப தண்ணி... திரும்பக் கெணத்துக்கே போகுதா?"

நான் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் குனிந்து காது கொடுத்தேன். உள்ளே இறங்கும் குழாயின் அடியில், தண்ணீருக்குள், மெல்லிய சலசலப்பு கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருபக்கம் மட்டும் வளைகிற சிரிப்பு. எட்டு மாதமாக அதைப் பார்க்கச் சகிக்காமல் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பார்த்தேன்.

மார்ச் 25, புதன்

சுனிலைக் கூப்பிட்டு, "கிணத்துக்குள்ள பைப்போட அடி வழியா தண்ணி ஒழுகுது. ஆளைக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். "ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?" என்றான். "அண்ணாச்சி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வைத்தான். நான் சொன்னதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று தெரியவில்லை.

கிணற்று வேலை செய்கிற தங்கராஜோடு வந்தான். இருவரும் சேர்ந்து குழாயை மேலே இழுத்தார்கள். இவர் நாற்காலியில் இருந்துகொண்டு இடக்கையால் மெதுவாக, மெதுவாக என்று காட்டிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து அடிக் குழாய், பாசியும் சேறும். அதன் நுனியில் இருந்த வால்வைச் சுனில் கழற்றினான்; என்னிடம் நீட்டியவன் ஒரு நொடி நின்று அவரிடம் கொடுத்தான்.

மேலே ஏறிய தண்ணீர் கீழே இறங்காமல் மூடிக்கொள்ள வேண்டிய தோல்வட்டம் கல்போல இறுகி வெடித்திருந்தது. நடுவில் ஒரு சரல்கல் சிக்கி, மூட விடாமல் நின்றது. அவர் நகத்தால் அதை நெம்பி எடுத்துச் சுனில் உள்ளங்கையில் வைத்தார்.

சுனில் கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்தான். "அண்ணாச்சி, அண்ணைக்கு நான் சுவிட்ச மாத்தும்போ நீங்க கைப்பிடிய அடிச்சியளே? கோளாறு சுவிட்சுல இல்லலேன்னு சொன்னியளா?"

இவர் நாற்காலிக் கைப்பிடியை ஒரு தடவை தட்டினார்.

"நான் ஒரு மடையன் அண்ணாச்சி" என்றான்.

"போதும்" என்றார் இவர். தங்கராஜ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சுனிலும் சிரித்தான். எனக்கு முதலில் கோபம் வந்தது. பார்த்தால் இவரும் தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

புது வால்வு போட்டு இறக்கினார்கள். முள் நாற்பதில் ஏறி நின்றது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தேன், நாற்பது. துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தேன், நாற்பது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தேன். நாற்பது. அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா பாக்கேன்" என்றேன்.

மார்ச் 28, சனி

முக்கால் மணி நேரம் குளித்தார். ஷவரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். முதுகு மட்டும் நான் தேய்த்தேன்.

எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. ரெஜினா இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஷாலின் வந்திருக்கிறான். வந்ததும் பையைக்கூட வைக்காமல் அப்பாவிடம் போய் உட்கார்ந்தான். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அவன் கிளம்பிப் போனான். போவதற்கு முன் கிணற்றடியில் நின்றுகொண்டு, அந்த இடத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னான். அவர்கள் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். "அப்பா வரலைன்னு சொல்லுதாங்க" என்றான். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இனி வாரம் மூன்று நாள் பகலில் ஓர் ஆளை உதவிக்கு வைக்க அவனே ஏற்பாடு செய்திருக்கிறான். புதன்கிழமைகளில் பேச்சுப் பயிற்சி. நாகர்கோவிலுக்குப் போகவர ஆட்டோ பேசியாயிற்று. இதெல்லாம் எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவரைத் தூக்கி மாற்ற என்னால் இன்னும் எத்தனை வருஷம் முடியும் என்று தெரியாது. ஆனால் அதை அவரிடம் கேட்கலாம். இனிமேல் எதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

பகல் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு வின்சென்ட் வந்தான்.

"மைனி, எங்க மோட்டரு ஓடுகு, தண்ணி ஏறமாட்டக்கு. சுனிலைக் கூப்புட்டா 'முதல்ல ஞானசிகாமணி அண்ணாச்சிகிட்ட காட்டு, பெறகு எனக்குச் சொல்லு'ன்னு சொல்லுதான். அண்ணன நான் கூட்டிக்கிட்டுப் போவட்டா?"

அவர் பக்கம் கையைக் காட்டினேன். வின்சென்ட் கொஞ்சம் தடுமாறி, அவர் முன்னால் போய், "அண்ணே, வாரியளா?" என்று கேட்டான். இவர் அதற்குள் நாற்காலியின் பிரேக்கை விடுவித்துவிட்டார்.

நான் போகவில்லை. வீட்டில் தனியாக இருந்தேன். கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கி வேறு இடத்தில் போட்டேன். பிறகு படுத்து அப்படியே உறங்கிவிட்டேன். வாயைத் திறந்துகொண்டு, ஆண்டவர் வந்தாலும் எழுந்திருக்காத உறக்கம்.

ஐந்து மணிக்கு வின்சென்ட் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, "சரியாயிட்டு மைனி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். இவரைப் பார்த்தேன். ஈஸ்டருக்கு ஷாலின் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. காலரிலிருந்து வயிறுவரை கிரீஸ். போதாததற்கு அந்தக் கையாலேயே முகத்தையும் துடைத்திருக்கிறார்.

"இது என்ன கோலம்? புதுச் சட்டை! ஒரு நா உடுத்தியளா? அவ்வளவு பேரு நிக்காவல்லா, ஒருத்தன்கிட்ட ஒரு துண்டு வாங்கி மேல போடத் தெரியாதா? நான்தானே தோய்க்கணும்? என் கை இருக்க இருப்புக்கு!" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்து ரப்பர் கம்பெனிச் சட்டைகள் வரைக்கும் வந்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? போதும் என்றார், கோபமாக. போதும் போதும் என்றார், நீ மட்டும் என்ன யோக்கியம் என்கிற மாதிரி. இடக்கையை நீட்டி, என் சேலையில் காலையில் விழுந்த மஞ்சள் கறையைக் காட்டினார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. போட்டுவைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வேலியோரம் வின்சென்டின் மனைவி நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் இன்னும் குரலை உயர்த்தினேன்.